எந்தத் தேதியைச் சொல்றது?

ஓபெட்: பிப்ரவரி ஒன்பது.

மரிவிக்: போச்சு!

ஓபெட்: ஐயோ... நவம்பர். நவம்பர் இருபத்தொண்ணு.

மரிவிக்: காலையில இருந்து இது மூணாவது தடவை ஓபெட். இப்ப எதிர்ல உக்காந்திருக்கிறது நான். திங்கட்கிழமை அந்த இமிக்ரேஷன் ஆபீசர் உக்காந்திருப்பான்.

ஓபெட்: அவன்கூட இப்படி முறைக்க மாட்டான்.

மரிவிக்: முறைக்காம? கல்யாணம் ஆன தேதியே புருஷனுக்குத் தெரியலன்னா அவன் என்ன நினைப்பான்? குடியுரிமை வெச்சிருக்கிறவளாப் பாத்து, பேப்பருக்காகக் கட்டிக்கிட்டான்னுதானே?

ஓபெட்: நாலு வருஷமா பிப்ரவரி ஒன்பதுன்னே சொல்லி நாக்கு பழகிப்போச்சு. கேக் வெட்டுறது அன்னைக்கு. நம்ம ஆயுசு நீளணும்னு உங்கம்மா நூடுல்ஸ் கிண்டுறது அன்னைக்கு. மோதிரத்துக்கு உள்பக்கம் வெட்டியிருக்கிறதும் அதே தேதிதான்.

மரிவிக்: மோதிரம்! அதைக் கழட்டிக் காட்டச் சொன்னா?

ஓபெட்: கழட்ட வந்தாத்தானே? உன் சமையல்ல விரல் வீங்கிப்போய் கிடக்கு.

மரிவிக்: சிரிப்பு வேற. சரி, முதல்ல இருந்து. நிமிர்ந்து உக்காரு. நோர்பெர்த்தோ அதியென்சா, நீங்க இந்த நாட்டுக்கு எப்ப வந்தீங்க?

ஓபெட்: பதினேழு வருஷம் ஆச்சு சார்.

மரிவிக்: எப்படி வந்தீங்க?

ஓபெட்: பாடிக்கிட்டே வந்தேன்.

மரிவிக்: ஓபெட்!

ஓபெட்: நிஜம்தானே? பிலிப்பைன்ஸ்ல இருந்து, எங்க பத்தாங்காஸ் மாதா கோயில் பாடகர் குழுவோட வந்தேன். ஆறு மாச விசா. முப்பது பேர் வந்தோம். இருபத்தொன்பது பேர் திரும்பிப் போனாங்க.

மரிவிக்: நீங்க ஏன் போகல?

ஓபெட்: ...அந்த வருஷப் புயல்ல அப்பாவோட படகு போயிடுச்சு. வீட்டுல ஏழு வயிறு.

மரிவிக்: அதை இப்படியே சொல்லு. ஜோக்கெல்லாம் வேண்டாம். அப்புறம்?

ஓபெட்: ஒரு முதியோர் இல்லத்துல வேலை கிடைச்சுது. முதலாளி எனக்காக மனு போட்டார். எப்பக் கேட்டாலும் பரிசீலனையில இருக்குன்னு ஒரே பதில். ஏழு வருஷம். கடைசியில அந்த இல்லத்தையே இழுத்து மூடிட்டாங்க. மனுவும் அதோட போச்சு.

மரிவிக்: மனு தள்ளுபடின்னு எப்ப கடுதாசி வந்துது?

ஓபெட்: நவம்பர் ஆரம்பத்துல. அடுத்த கடுதாசி நாட்டை விட்டு அனுப்பச் சொல்லி கோர்ட்டுல இருந்து வரும், அதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடுங்க, அதுக்கப்புறம் பண்ணினா நாடகம்னுதான் சொல்லுவாங்கன்னு வக்கீலம்மா விரட்டினா. ரெண்டு வாரத்துல ஜெர்சி சிட்டி சிட்டி ஹாலுக்கு ஓடினோம். நீ நர்ஸ் யூனிஃபார்மோட வந்த. சாட்சிக்கு ஆளில்லாம, பார்க்கிங் பணம் கட்ட வரிசையில நின்ன ரெண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தோம்.

மரிவிக்: தேதி?

ஓபெட்: நவம்பர் இருபத்தொண்ணு! பாத்தியா?

மரிவிக்: பரவாயில்ல. படுக்கையில யார் எந்தப் பக்கம்?

ஓபெட்: சுவர்ப் பக்கம் நீ. நடுவுல உன்னோட நாலு தலையணை. மிச்சம் இருக்கிற ஒரு சாண்ல நான்.

மரிவிக்: குறட்டை யாரு?

ஓபெட்: இதுக்கும் சத்தியம் பண்ணிட்டுத்தான் பதில் சொல்லணுமா?

மரிவிக்: போடா... சரி, கஷ்டமான கேள்வி. சர்ட்டிபிகேட்ல நவம்பர்னு இருக்கு. நீங்க அனுப்பின மூணு கடுதாசியிலயும் பிப்ரவரின்னு இருக்கே. ஏன்?

ஓபெட்: நான் ஒரு மடையன் சார்.

மரிவிக்: மடையன்தான்! தெரிஞ்சவங்ககிட்ட கடுதாசி வாங்கி முதல்ல என்கிட்ட குடுங்கன்னு வக்கீலம்மா படிச்சுப் படிச்சு சொன்னா இல்ல? இவரு நேரா ஆபீசுக்கே அனுப்பிட்டாராம்.

ஓபெட்: சீக்கிரம் போய்ச் சேரட்டும்னு நினைச்சேன். நேத்து அவ நகலைப் பாத்துட்டு போன்ல கத்தினா பாரு, காது இன்னும் கொய்ங்குது. ஏன் மறைச்சீங்கன்னு கேட்டா. எங்க ஊர்ல சுகோப்னு ஒண்ணு இருக்கு, கூடப் பிறந்த ரெண்டு பேருக்கு ஒரே வருஷத்துல கல்யாணம் நடக்கக் கூடாது, நடந்தா ஒருத்தியோட பாக்கியத்தை இன்னொருத்தி தின்னுடுவா, மரிவிக்கோட தங்கச்சிக்கு அந்த வருஷம் ஜூன்லதான் கல்யாணம் ஆச்சு, அதான் எங்க மாமியார்கிட்ட நவம்பர் கல்யாணத்தைச் சொல்லலன்னேன்.

மரிவிக்: அதுக்கு?

ஓபெட்: இதை நான் எந்த ஃபாரத்துல எழுதுறதுன்னு கேட்டா.

மரிவிக்: பாவம்... சரி, மத்த ரெண்டு கடுதாசியும் மாத்தியாச்சு?

ஓபெட்: உன் ஞானத்தாய் நேத்தே மாத்தி எழுதிக் குடுத்துட்டாங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என் சூப்பர்வைசரும் குடுத்துட்டார். உங்கம்மா கடுதாசிதான் பாக்கி.

மரிவிக்: அதை விட்டுட முடியாதா?

ஓபெட்: அதுதான் முக்கியமாம். ஒரே வீட்டுல கூட இருக்கிற அம்மாவுக்கே கல்யாணத் தேதி தெரியலன்னா வேற யாரு நம்புவாங்கன்னு கேக்கிறா. மருந்துக்கடை நோட்டரி இன்னிக்கு ஒரு மணிக்கு மூடிடுவான். நாளைக்கு ஞாயிறு.

மரிவிக்: மணி என்ன?

ஓபெட்: பதினொண்ணே கால். ரொட்டி வாங்கப் போனவங்க இப்ப வந்துடுவாங்க... மரி, ஒண்ணு சொல்றேன், திட்டாத. புதுசா டைப் அடிச்சு, பழைய கடுதாசி கிழிஞ்சுபோச்சு, இதுல ஒரு கையெழுத்து போடுங்கன்னு கேட்டா? அவங்களுக்குத்தான் இங்கிலீஷ் அவ்வளவா...

மரிவிக்: ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யா?

ஓபெட்: நான் மட்டும் ஆசைப்பட்டா கேக்கிறேன்?

மரிவிக்: அம்மா கையைப் பிடிச்சு பொய் சத்தியம் பண்ண வைக்கச் சொல்றியா?

ஓபெட்: இல்ல... வேண்டாம். விடு. தப்பு.

மரிவிக்: வேற வழி யோசிப்போம்.

ஓபெட்: நேத்து அப்பாகிட்ட பேசினேன். தம்பி போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அப்பா, இங்க பாருங்க, அண்ணன் தெரியுறானான்னு கேக்கிறான். ஆங், தெரியுறான் தெரியுறான், இளைச்சுட்டான்னு சொல்றாரு. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கு மரி. கண்ணு சுத்தமா போயிடுச்சு. எங்கம்மா சாவை போன்ல பாத்தேன். அதுவாவது பாத்தேன். இனிமே அவருக்கு போன்ல என்ன இருக்கு? பக்கத்துல போய் கையைப் பிடிச்சாத்தான் உண்டு. கேஸ் முடியாம வெளிய போனா திரும்பி வர்றது உறுதியில்லன்னு வக்கீலம்மா சொல்லிட்டா. திங்கட்கிழமை இது சொதப்பினா...

மரிவிக்: சொதப்பாது. நான் சொல்றேன் அம்மாகிட்ட.

ஓபெட்: ரெண்டு பேரும் சொல்லலாம்.

மரிவிக்: உனக்குப் புரியல. பயம் திட்டுக்கு இல்ல. தங்கச்சி ரொவேனா விஷயம்...

ஓபெட்: தெரியும். படியில மூச்சு வாங்குற சத்தம். வந்துட்டாங்க.

அம்மா: அந்தக் கீழ்வீட்டுக்காரி இருக்காளே, படியில நிறுத்தி, இன்னிக்கும் கருவாடான்னு கேக்கிறா. ஆமா, உனக்கும் ரெண்டு வேணுமான்னேன். மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா. ரொட்டி சூடா இருக்கு, எடுங்க... ரெண்டு பேரும் ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?

மரிவிக்: அம்மா, கொஞ்சம் உக்காரேன்.

அம்மா: கருவாட்டை வறுத்துட்டு வந்துடறேன். அடுப்பு...

மரிவிக்: கருவாடு அப்புறம்.

அம்மா: கருவாடு அப்புறமா? யாருக்கு என்ன ஆச்சு? ரொவேனாவா? அவ புருஷன் கப்பல்ல ஏதாவது...

ஓபெட்: யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அந்தக் கடுதாசி விஷயம்.

அம்மா: அப்பாடா... அதுவா? நாலு நாள் அகராதியை வெச்சுக்கிட்டு எழுதினேன். ஸ்பெல்லிங் தப்பா?

ஓபெட்: ஸ்பெல்லிங்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. தேதிதான்...

அம்மா: தேதி எப்படித் தப்பாகும்? எங்க ஊர்ல பத்தாம் தேதி விடிகாலை நாலு மணி. உங்க ஊர்ல ஒன்பதாம் தேதி மத்தியானம். அதைக்கூட யோசிச்சு ஒன்பதுன்னுதான் எழுதினேன். உங்கப்பா நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு போன் முன்னாடி விறைப்பா நின்னாரே, மறந்துட்டியா? ஃபாதர் ஆசீர்வாதம் குடுக்கிறப்ப அவரு அங்க முட்டி போட்டாரு.

மரிவிக்: மறக்கலம்மா... அன்னைக்கு நடந்தது கோயில் கல்யாணம். அதுக்கு முன்னாடியே நாங்க... சிட்டி ஹால்ல போய்...

அம்மா: போய்?

மரிவிக்: சட்டப்படி பண்ணிக்கிட்டோம்.

அம்மா: ...எப்ப?

மரிவிக்: நவம்பர் இருபத்தொண்ணு.

அம்மா: எந்த நவம்பர்?

மரிவிக்: ரொவேனாவுக்கு ஜூன்ல ஆச்சே... அதுக்கு அடுத்து வந்த நவம்பர். அதே வருஷம்.

ஓபெட்: என் தப்புதாம்மா. என் பேப்பருக்காகத்தான். இவ முடியவே முடியாதுன்னா. நான்தான் அழுது...

அம்மா: நீ சும்மா இரு ஓபெட். பிப்ரவரி வரைக்கும் பொறுங்கன்னு நான் எவ்வளவு கெஞ்சினேன்? சரிம்மா, சரிம்மான்னு போன்ல தலையாட்டினியே மரிவிக். அப்பவே கல்யாணம் முடிஞ்சாச்சா?

மரிவிக்: ஆமா.

அம்மா: அப்போ கோயில்ல நீ தேம்பித் தேம்பி அழுதது? அதுவும் நடிப்பா?

மரிவிக்: இல்லம்மா. அதுதான் எனக்குக் கல்யாணம். சிட்டி ஹால்ல எட்டு நிமிஷம். வெளிய வந்து ஆளுக்கொரு காபி வாங்கிக் குடிச்சிட்டு டியூட்டிக்குப் போயிட்டேன். கோயில்ல உங்க மூஞ்சியை அந்தச் சின்ன போன்ல பாத்ததும்தான் அழுகை வந்துது.

அம்மா: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

மரிவிக்: சொல்லலாம்னுதான் இருந்தேன். ஈஸ்டர் முடியட்டும், சொல்லிடலாம்னு. அதுக்குள்ள மே மாசம் வந்துடுச்சு. ரொவேனா போன் பண்ணினா. ஏழாம் மாசம். துடிப்பு நின்னுபோச்சு அக்கான்னு சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா. எனக்கு உடனே என்ன ஞாபகம் வந்துது தெரியுமா? நவம்பர் இருபத்தொண்ணு. நான்தான்னு நினைச்சேன்மா. அவ பாக்கியத்தை நான்தான் தின்னுட்டேன்...

அம்மா: வாயைக் கழுவு!

மரிவிக்: ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறேன். இப்படி நடக்கிறதை எத்தனை பாத்திருக்கேன். ஏன் நடக்குதுன்னும் தெரியும். தெரிஞ்சு என்ன? வீட்டுக்கு வந்தா நீ ஆரம்பிப்ப. நாம எந்தக் குறையும் வைக்கலயே, எல்லா முறையும் பாத்துத்தானே செஞ்சோம், அப்புறம் ஏன் நம்ம ரொவேனாவுக்கு இப்படின்னு. நீ அதைச் சொல்றப்பல்லாம் நான் பாத்ரூமுக்குள்ள போய், குழாயைத் திறந்து விட்டுட்டு நிப்பேன்.

ஓபெட்: மரி... இதை நீ என்கிட்டயே சொன்னதில்லையே.

மரிவிக்: உன்கிட்ட எப்படிச் சொல்றது? உன் பேப்பருக்காக என் தங்கச்சி குழந்தை போச்சுன்னா?

அம்மா: அழாத. இங்க வா. அழாதடி... அதுக்கு அப்புறம் அவளுக்கு ரெண்டு பொறந்தாச்சு, வீட்டைக் குட்டிச்சுவராக்கிக்கிட்டு இருக்குதுங்க. மூக்கைத் துடை. ஓபெட், அந்தக் கடை எத்தனை மணி வரைக்கும்?

ஓபெட்: ஒரு மணிம்மா. இப்ப பதினொண்ணே முக்கால்.

அம்மா: அப்ப பேனாவை எடு. உன் கையெழுத்து நல்லா இருக்கும், நீயே எழுது. நான் பாத்து எழுதிக்கிறேன். பழையதை முதல்ல படி. நம்ம பாஷையில சொல்லு.

ஓபெட்: "ஃபெலிசிதாத் மக்சினோ ஆகிய நான், என் மூத்த மகள் மரிவிக்கின் திருமணத்தை பிப்ரவரி ஒன்பதாம் தேதி போன் வழியாக என் கண்ணால் பார்த்தேன்."

அம்மா: அது நிஜம். அதை வெட்டாத. கோயில் திருமணம்னு சேர்த்துக்கோ. அதுக்கு முன்னாடி, நவம்பர் இருபத்தொண்ணு சட்டப்படி சிட்டி ஹால்ல நடந்துது, எனக்குப் பயந்துக்கிட்டு மறைச்சுட்டாங்க, இன்னிக்குத்தான் சொன்னாங்கன்னு எழுது.

ஓபெட்: பயந்துக்கிட்டுன்னு போடணுமா?

அம்மா: போடு. மாமியாருக்கு இப்படிப் பயப்படுறவன் பொய்க் கல்யாணம் பண்ணியிருக்க மாட்டான்னு அந்த ஆபீசருக்கே புரியும்.

மரிவிக்: அம்மா!

அம்மா: சிரிச்சிட்டா. அடுத்து?

ஓபெட்: "என் மருமகன் நல்லவர். என்னை டாக்டரிடம் கூட்டிப் போவார். நான் சமைக்கும் கருவாட்டைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை."

அம்மா: அது அப்படியே இருக்கட்டும். அடுத்து?

ஓபெட்: "என் இளைய மகள் ரொவேனாவுக்கு முந்தைய ஜூன் மாதத்தில் திருமணம் ஆனதால், எங்கள் ஊர் வழக்கப்படி, அடுத்த வருடம் வரை காத்திருக்கும்படி நான்தான் மூத்தவளிடம் சொன்னேன்." இது நல்ல வரிம்மா. நாங்க ஏன் மறைச்சோம்னு இதுலயே இருக்கு. இதை அப்படியே எழுதிடவா?

அம்மா: வெட்டு.

ஓபெட்: இதையா?

அம்மா: அந்த நோட்டரி முன்னாடி கையைத் தூக்கி சத்தியம் பண்ணணும்ல?

ஓபெட்: ஆமா.

அம்மா: அப்ப வெட்டு. அந்த வரியில பொய் இருக்கு.

மரிவிக்: இதுல என்னம்மா பொய்? ஜூன்லதானே ஆச்சு? நான் அனுப்பின கவுனைப் போட்டுக்கிட்டு, ஊரே திரண்டு வந்து...

அம்மா: ஊர் வந்தது கோயிலுக்கு. அவளுக்கு அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஆயிடுச்சு.

மரிவிக்: என்ன?

அம்மா: ஜனவரியில அவன் கப்பல் ஏறணும். பொண்டாட்டின்னு சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் மாசாமாசம் சம்பளத்தை அவ பேருக்கு அனுப்ப முடியும்னு ஏஜென்சியில சொல்லிட்டாங்க. உங்கப்பாவா, கோயில்ல நடக்காதது கல்யாணமே இல்லன்னு அரிவாளைத் தூக்குற மனுஷன். அவருக்குத் தெரியாம நான்தான் டிசம்பர் மாசம் ஊர் முனிசிபல் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன். சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

மரிவிக்: டிசம்பர்னா... முந்தின வருஷமா?

அம்மா: முந்தின வருஷம். ஆபீஸ்தான் கணக்குன்னா அவ ஒரு வருஷம், நீ ஒரு வருஷம். கோயில்தான் கணக்குன்னாலும் அவ ஒரு வருஷம், நீ ஒரு வருஷம். எப்படிப் பாத்தாலும் நீ உன் தங்கச்சிக்கு ஒண்ணுமே பண்ணலடி... உங்கப்பாவை ஏமாத்தினேனே, அந்தப் பாவம்தான் குழந்தை மேல விடிஞ்சுதுன்னு நினைச்சு, என் பயத்தை மூடத்தான் நாம எந்தக் குறையும் வைக்கலயேன்னு நாலு வருஷமா வாய் ஓயாம சொல்லிக்கிட்டு இருந்தேன்.